பெரியப்பா விட்டுப்போன துப்பாக்கி

பெரியப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, கூடாரத்தைப் பிரித்து, வாடகை நாற்காலிகளை லோரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பெரியம்மா என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். நகை விஷயமாக இருக்கும், இல்லையென்றால் நிலப் பத்திரமாக இருக்கும் என்று நினைத்தேன்.

"அந்த அலமாரியில அது இருக்கும்மா. அத என்ன செய்றது?"

'அது' என்றால் துப்பாக்கி. நடுவில் மடித்துத் தோட்டா போடுவார்களே, அந்த வகை ஒற்றைக் குழல் துப்பாக்கி. மலாயில் 'செனாப்பாங் பாத்தா' என்பார்கள். சுங்கை சிப்புட் பக்கம் பெரியப்பாவுக்கு ஆறு ஏக்கர் செம்பனை. கன்று நட்ட காலத்தில் காட்டுப்பன்றிகள் குருத்தைத் தோண்டித் தின்று பாதி நிலத்தை நாசமாக்கியதால், முறைப்படி விண்ணப்பம் போட்டு வாங்கிய உரிமம் அது. சிறு வயதில் பள்ளி விடுமுறைக்குப் போகும்போது அந்த அலமாரிப் பக்கம் நாங்கள் நெருங்கவே முடியாது. நாங்கள் அஞ்சும் ஒரே பொருள் அந்த வீட்டில் அதுதான்.

எனக்கு முதுகில் சில்லென்றது. பெரியப்பா இறந்து பதினாறு நாள் ஆகிவிட்டது. உரிமம் அவர் பெயரில். அவர் இல்லாத வீட்டில் அந்தத் துப்பாக்கி இருப்பதே தவறு. துக்கத்தில் யாருக்கும் அது நினைவுக்கு வரவில்லை.

பெரியப்பாவின் மூத்த மகன், எனக்கு அண்ணன், கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். "எதுக்கு இவ்வளவு பதட்டம்? அப்பா ஞாபகமா இங்கேயே இருக்கட்டும். அம்மா தனியா இருக்கப் போறாங்க. போன வருசம் மட்டும் இந்தத் தாமான்ல ரெண்டு வீட்ட உடைச்சிட்டானுங்க, தெரியும்ல?"

நான் காவல் நிலையத்துக்குப் போன் போட்டேன். எடுத்தவர் அமைதியாகச் சொன்னார்: "யாரும் தொட வேண்டாம். எடுத்துக்கொண்டும் வர வேண்டாம். அலமாரியைப் பூட்டிச் சாவியை அம்மாவிடம் கொடுங்கள். நாளைக் காலையில் நாங்களே வருகிறோம்."

அன்று இரவு அண்ணனும் நானும் அஞ்சடியில் உட்கார்ந்து பேசியதுதான் இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி.

வானொலியில் கேட்ட அதே கேள்வி

அண்ணன் சொன்னது எனக்குப் புதிதில்லை. 2024 ஏப்ரல் 14, அதிகாலை. கேஎல்ஐஏ முதலாம் முனையத்தின் வருகைக் கூடத்தில் ஒருவர் தம் மனைவியைக் குறிவைத்துச் சுட்டார். குண்டு மனைவியின் மெய்க்காவலர் மீது பாய்ந்தது. அதற்கு முன், மார்ச் மாதக் கடைசியில்தான் ஜாலான் அம்பாங் ஹோட்டல் ஒன்றில் ஆறு துப்பாக்கிகளுடனும் தோட்டாக்களுடனும் ஓர் இஸ்ரேலிய ஆடவர் பிடிபட்டிருந்தார். அந்த வாரம் நேயர்கள் அனுப்பிய குரல் பதிவுகளில் பாதி இதைப் பற்றித்தான். அவற்றில் திரும்பத் திரும்ப வந்த கேள்வி இது: "கெட்டவனுக்கு எப்படியோ கிடைக்குது. நல்லவனுக்கு மட்டும் ஏன் இத்தனை தடை?"

கிண்டலடித்து ஒதுக்கிவிடக்கூடிய கேள்வி இல்லை இது. குற்றவாளி உரிமம் கேட்டு வரிசையில் நிற்பதில்லை. அவன் கையில் இருப்பது எல்லை தாண்டிக் கடத்தி வந்தது, இல்லையென்றால் கள்ளத்தனமாகச் செய்தது. நாட்டுப்புறத்தில் குழாயை வைத்துச் செய்யும் கள்ளத் துப்பாக்கிக்கு 'பாக்காக்குக்' என்று பெயரே உண்டு. 2013-இல் அடுத்தடுத்து நடந்த துப்பாக்கிச் சூடுகளை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். அந்த ஆண்டு ஜூலையில் இரண்டு நாள் இடைவெளியில் ஒரு சமூக ஆர்வலர் சுடப்பட்டுப் படுகாயமடைந்தார். ஒரு வங்கியின் நிறுவனர் பட்டப்பகலில் கோலாலம்பூரில் சுட்டுக் கொல்லப்பட்டார். கடுமையான சட்டம் இருந்தும் அவை நடந்தன.

"அப்ப நான் சொல்றது சரிதானே?" என்றார் அண்ணன்.

பாதி சரி. மீதிப் பாதிக்கு, நம் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும்.

உரிமம் வேறு, உரிமை வேறு

அமெரிக்காவில் ஆயுதம் வைத்திருப்பது உரிமை. 1791-இல் அவர்களுடைய அரசமைப்பில் சேர்ந்த இரண்டாவது திருத்தம் அதற்கு அடிப்படை. வீட்டில் தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்று 2008-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. ஆகவே அங்கே 'ஏன் கொடுக்கக்கூடாது' என்பதை அரசாங்கம்தான் விளக்க வேண்டியிருக்கிறது.

மலேசியாவில் அது உரிமை அன்று, வெறும் உரிமம். 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, 'எனக்கு ஏன் வேண்டும்' என்பதை விண்ணப்பிப்பவர்தான் விளக்க வேண்டும். விவசாயிக்குப் பயிரைக் காக்க வேண்டும், வேட்டைக்காரருக்கு வேட்டை உரிமம் இருக்கிறது, விளையாட்டு வீரர் சுடும் சங்கத்தில் உறுப்பினர் என்று ஏதாவது ஒரு காரணம் வேண்டும். பின்னணியைப் போலீஸ் விசாரிக்கும். கொடுப்பதும் மறுப்பதும் மாநிலப் போலீஸ் தலைவரின் முடிவு. கொடுத்த பிறகும் குறித்த காலத்தில் புதுப்பிக்க வேண்டும். எத்தனை தோட்டா வாங்கலாம் என்பதற்கும் கணக்கு உண்டு. மிக முக்கியமாக, உரிமம் ஆளோடு சேர்ந்தது. ஆள் போனால் உரிமமும் போய்விடும். வீடு, நிலம், கார் போல வாரிசுக்கு வந்து சேராது.

உரிமம் இல்லாமல் வைத்திருந்தால், ஆயுதச் சட்டத்தின்கீழ் 7 ஆண்டுவரை சிறை, 10,000 ரிங்கிட்வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். 1971ஆம் ஆண்டின் சுடும் ஆயுதங்கள் (கடுமையான தண்டனைகள்) சட்டத்தின்கீழ் குற்றஞ்சாட்டப்பட்டால் 14 ஆண்டுவரை சிறை. அதோடு ஆறுக்குக் குறையாத பிரம்படி.

அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்பாவோட பொருளுக்கா?" என்றார்.

"ஆமாண்ணே. அப்பாவோட பொருளுக்குத்தான்."

இந்த ஊர் மறக்காத கதை

ஏன் இவ்வளவு கடுமை? அதற்கான விடை, நாங்கள் உட்கார்ந்திருந்த ஊரிலேயே இருக்கிறது.

1948 ஜூன் 16ஆம் தேதி காலை, சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஒருவர் எல்பில் தோட்டத்தில். மற்ற இருவர் இன்னொரு தோட்டத்தில். அதையொட்டி அறிவிக்கப்பட்ட அவசரகாலம் 1960 ஜூலை 31 வரை நீடித்தது. எங்கள் தாத்தா அப்போது இந்தப் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவர். ஊரடங்கு, அரிசிக் கட்டுப்பாடு, இரவில் நாய் குரைத்தால் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பது என்று அவர் சொன்ன கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்தான் பெரியப்பா.

அனுமதியில்லாமல் துப்பாக்கி ஏந்தியவருக்குத் தூக்கு என்ற விதி அந்த அவசரகாலத்தில் வந்தது. அந்த விதியின் கீழ் மாண்டவர்களில் நாம் மறக்கக்கூடாத ஒரு தமிழர் உண்டு: எஸ்.ஏ. கணபதி. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்தவர். ஒரு கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் வைத்திருந்தார் என்பது அவர்மீது சாட்டப்பட்ட குற்றம். அவரைக் காப்பாற்ற இந்திய அரசாங்கமே முயன்றது. பலனில்லை. 1949 மே 4ஆம் தேதி புடு சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார்.

அதே காலத்தில் இன்னொரு தமிழர் தப்பிப் பிழைத்தார். சம்பசிவம் என்பவர்மீது துப்பாக்கி ஏந்தியதாகவும் தோட்டா வைத்திருந்ததாகவும் இரண்டு குற்றச்சாட்டுகள். தோட்டா வழக்கில் விடுதலையானார். துப்பாக்கி வழக்கை மறுபடி விசாரித்து மரண தண்டனை விதித்தார்கள். வழக்கு லண்டனில் இருந்த பிரிவி கவுன்சிலுக்குப் போனது. 'தோட்டா வழக்கில் குற்றமற்றவர் என்று முடிவான பிறகு, அவரிடம் தோட்டா இருந்தது என்று இன்னொரு விசாரணையில் வாதாட முடியாது' என்ற அடிப்படையில் 1950-இல் அவரது தண்டனை ரத்தானது. சட்டம் படிக்கும் மாணவர்கள் இன்றும் இந்தத் தீர்ப்பைப் படிக்கிறார்கள்.

இந்த இரண்டு கதைகளையும் அண்ணனிடம் சொன்னபோது அவர் கேட்டது நியாயமான கேள்வி. "அப்படின்னா சட்டம் கடுமையா இருக்கிறதே தப்புன்னு சொல்றியா?"

எனக்குத் தோன்றுவது இதுதான். துப்பாக்கி யார் கையில் இருக்கலாம் என்பதில் சட்டம் கறாராக இருப்பது ஒன்று. தவறிவிட்டவரின் சூழ்நிலையைப் பார்க்க நீதிபதிக்கு இடமே கொடுக்காமல் இருப்பது வேறொன்று. முதலாவது நம்மைக் காக்கிறது. இரண்டாவதால் என்ன ஆகும் என்பதை 1949-இல் பார்த்துவிட்டோம். 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி, கொள்ளை போன்ற குற்றங்களின்போது கொல்லும் நோக்கத்தோடு சுட்டவருக்கு மரண தண்டனை கட்டாயமாக இருந்தது. 2023 ஜூலை 4 முதல் கட்டாய மரண தண்டனை நீக்கப்பட்டது. இப்போது மரண தண்டனையா, அல்லது பிரம்படியுடன் 30 முதல் 40 ஆண்டுவரை சிறையா என்று நீதிபதி முடிவு செய்யலாம். தண்டனையில் இந்த இடைவெளி வந்துவிட்டது. ஆனால் துப்பாக்கி வாங்கும் வழி அகலமாகவில்லை. அது சரியான திசை என்றே நினைக்கிறேன்.

வெளியே என்ன நடக்கிறது?

இரவு பதினொன்றரை. பெரியம்மா கொசுவர்த்தி ஏற்றி வைத்துவிட்டுப் போனார். பேச்சு வெளிநாடுகளுக்குத் தாவியது.

உலகத்தில் பொதுமக்கள் கையில் இருக்கும் துப்பாக்கிகளைக் கணக்கெடுத்த ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே அமைப்பு, அமெரிக்காவில் 100 பேருக்கு 120 துப்பாக்கிகள் இருப்பதாக 2018-இல் மதிப்பிட்டது. மனிதர்களைவிடத் துப்பாக்கிகள் அதிகம். துப்பாக்கி இருந்தால்தான் பாதுகாப்பு என்றால் அமெரிக்கா உலகத்திலேயே பாதுகாப்பான நாடாக இருக்க வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் கதை வேறு. 1996 ஏப்ரல் 28, டாஸ்மேனியாவின் போர்ட் ஆர்தரில் ஒருவனே 35 பேரைச் சுட்டுக் கொன்றான். பிரதமர் ஜான் ஹோவர்ட் வலதுசாரிக் கட்சிக்காரர். நாட்டுப்புற வாக்காளர்களின் கோபத்தைச் சம்பாதிக்க விரும்பாத கூட்டணி அவருடையது. எதிர்ப்பாளர்கள் கூடியிருந்த கூட்டத்தில் சட்டைக்குள் குண்டு துளைக்காத அங்கி அணிந்துகொண்டு பேசினார். ஆனாலும் பின்வாங்கவில்லை. அரசாங்கம் காசு கொடுத்து சுமார் 6,50,000 துப்பாக்கிகளைத் திரும்ப வாங்கி அழித்தது. உரிமம் கேட்பவர் உண்மையான காரணம் காட்ட வேண்டும் என்று விதித்தது. பயிரைக் காப்பது காரணமாகும். 'தற்காப்பு' என்பது காரணமாகாது.

1996 மார்ச் 13-இல் ஸ்காட்லாந்தின் டன்பிளேன் பள்ளியில் 16 குழந்தைகளும் ஓர் ஆசிரியையும் கொல்லப்பட்ட பிறகு, பிரிட்டன் கைத்துப்பாக்கிகளைத் தடை செய்தது. 2019 மார்ச் 15-இல் நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்களில் 51 பேர் மாண்டபோது, ஒரு மாதத்துக்குள் அந்நாட்டு நாடாளுமன்றம் 119-க்கு 1 என்ற வாக்கில் பெரும்பாலான அரைத் தானியங்கி வகைத் துப்பாக்கிகளைத் தடை செய்தது.

சிங்கப்பூரில் இருக்கும் எங்கள் சித்தி மகன் இரண்டு வருடம் தேசிய சேவை செய்தவன். துப்பாக்கியைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டத் தெரியும். ஆனால் அவன் வீட்டில் துப்பாக்கி கிடையாது. பயிற்சி முடிந்ததும் அது ஆயுதக் கிடங்குக்குத் திரும்பிவிடும். அங்கே 2021-இல் நிறைவேறிய புதிய சட்டம், முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் துப்பாக்கி செய்வதற்கான கணினி வரைபடத்தை அனுமதியின்றி வைத்திருப்பதையும் குற்றமாக்கியிருக்கிறது.

"எல்லாம் சரி," என்றார் அண்ணன். "ஆனா எங்கப்பா போர்ட் ஆர்தர்காரன் இல்லையே. ஒழுங்கா லைசென்ஸ் எடுத்து, பன்றியத் தவிர வேற எதையும் சுடாத மனுசன். அவர மாதிரி ஆளுக்கும் ஏன் இத்தனை கெடுபிடி?"

இந்த விவாதத்தின் மையமே இந்தக் கேள்விதான். உலகெங்கும் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் கேட்பதும் இதைத்தான்: பொறுப்பானவனை ஏன் தண்டிக்கிறீர்கள்? நான் அப்போது சொன்ன பதில் 2013 அக்டோபரில் நடந்த ஒரு சம்பவம். சுபாங் ஜெயாவில் ஒரு வங்கியின் பாதுகாவலர், தம்மிடம் வேலைக்காகக் கொடுக்கப்பட்ட துப்பாக்கியாலேயே வங்கி அதிகாரியான ஒரு பெண்ணைச் சுட்டுக் கொன்று பணத்தோடு ஓடினார். உள்ளூர்க்காரர் என்று காட்டப் போலி அடையாள அட்டை வைத்திருந்தவர் அவர் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்தத் துப்பாக்கி கடத்தல் துப்பாக்கி இல்லை. முறையாக வேலைக்குக் கொடுத்தது. சரிபார்க்க வேண்டியவர்கள் சரிபார்க்கவில்லை.

அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை. "அது வேற ஆள், வேற கதை" என்று எழுந்து தூங்கப் போய்விட்டார். அவர் சொன்னதும் உண்மைதான். என்னிடம் அதைவிட நல்ல பதில் அப்போது இல்லை.

உரிமப் புத்தகத்தில் மடித்து வைத்த தாள்

காலை ஒன்பது மணிக்கு ஒரு சார்ஜனும் இளம் கான்ஸ்டபிளும் வந்தார்கள். பெரியம்மா சாவியைக் கொடுத்தார். சார்ஜன் துப்பாக்கியை எடுத்து, குழலைச் சுவர்ப் பக்கம் திருப்பி, மடித்துப் பார்த்தார். உள்ளே தோட்டா இல்லை. இருந்தாலும் விரலை விட்டு இன்னொரு முறை தடவிப் பார்த்தார். பெரியப்பாவும் இப்படித்தான் செய்வார். 'காலியா இருக்குன்னு யார் சொன்னாலும் நம்பாத. நீயே பாரு' என்பார்.

தோட்டாக்கள் வேறு இடத்தில், தனிப் பெட்டியில், தனிப் பூட்டுக்குள் இருந்தன. எண்ணிப் பார்த்தார்கள். கணக்கு சரியாக இருந்தது. இவ்வளவு நாள் தாமதமாகச் சொன்னதற்காகச் சார்ஜன் மென்மையாகக் கண்டித்தார். பிறகு உரிமப் புத்தகத்தைப் புரட்டினார். நடுவில் மடித்து வைத்திருந்த ஒரு பழைய தாள் கீழே விழுந்தது.

எடுத்துப் படித்துவிட்டுப் பெரியம்மாவிடம் மலாயில் கேட்டார்: "2016-இல் ஊருக்கு எங்காவது போயிருந்தீர்களா ஆண்ட்டி? மூன்று மாதம் துப்பாக்கியை ஸ்டேஷனில் வைக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறாரே."

பெரியம்மா தலையாட்டினார். "எங்கயும் போகலையே. அது ரிப்பேரு, ஈப்போவுல கடையில குடுத்திருக்கேன்னுல்ல சொன்னாரு?"

நான் அந்தத் தாளை வாங்கித் தேதியைப் பார்த்தேன். 2016 ஏப்ரல். என் அப்பா இறந்தது அந்த மார்ச்சில்.

அப்பாவும் பெரியப்பாவும் அண்ணன் தம்பி என்பதைவிடக் கூட்டாளிகள். அப்பா திடீரென்று மாரடைப்பில் போன பிறகு, பெரியப்பா பல வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. இரவில் தூங்காமல் அஞ்சடியில் உட்கார்ந்திருப்பார் என்று பெரியம்மா அப்போது போனில் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. 'வயசாயிடுச்சு, சரியாயிடும்' என்று நாங்கள் விட்டுவிட்டோம்.

அவர் விடவில்லை. யாரிடமும் சொல்லாமல், தம் மனநிலை சரியில்லை என்று தமக்கே தெரிந்து, தாமாகவே அதைக் கொண்டுபோய் ஒப்படைத்திருக்கிறார். மூன்று மாதம் கழித்து, சரியாகிவிட்டது என்று தோன்றியபோது திரும்ப வாங்கியிருக்கிறார். அன்று அவர் மனத்தில் என்ன ஓடியது என்பதை இனி யாரும் கேட்க முடியாது. தேதிகள் மட்டும் இருக்கின்றன.

அண்ணன் அந்தத் தாளை என் கையிலிருந்து வாங்கி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

முந்தைய இரவு நான் சொல்லத் தெரியாமல் திணறிய பதில் அந்தத் தாளில் இருந்தது. பொறுப்பானவர், பொறுப்பில்லாதவர் என்று மனிதர்கள் இரண்டு வகையாகப் பிறப்பதில்லை. ஒரே மனிதர் ஜனவரியில் ஒரு மாதிரி, ஏப்ரலில் வேறு மாதிரி. வேலை போகும், கடன் ஏறும், குடும்பத்தில் சாவு விழும், குடி கூடும். அமெரிக்காவில் துப்பாக்கியால் நேரும் மரணங்களில் பாதிக்கும் மேற்பட்டவை தற்கொலைகள். திருடன் வந்த இரவுகளைவிட, மனம் உடைந்த இரவுகளில்தான் வீட்டுத் துப்பாக்கி அதிக ஆபத்து. கைக்கெட்டும் தூரத்தில் அது இல்லாவிட்டால் அந்த இரவு கடந்துபோக வாய்ப்பு இருக்கிறது.

சட்டம் ஏன் உரிமத்தை வாழ்நாள் முழுக்கக் கொடுத்துவிடாமல், மறுபடி மறுபடி வந்து புதுப்பிக்கச் சொல்கிறது என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. 'அன்று நீ நல்லவன், சரி. இன்று எப்படி இருக்கிறாய்?' என்று கேட்கிறது. ஆனால் போலீஸ் எப்போதாவதுதான் கேட்க முடியும். மற்ற நாட்களில் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியவர் வைத்திருப்பவரும் அவர் வீட்டில் இருப்பவர்களும்தான். பெரியப்பா கேட்டுக்கொண்டார். எல்லாரும் கேட்டுக்கொள்வார்கள் என்று நம்பி ஒரு நாடு சட்டம் எழுத முடியாது.

நம் வீட்டுப் பிள்ளைகளும்

'எங்கள் வீட்டில் துப்பாக்கி இல்லை, இது எனக்கு எதற்கு?' என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். சமூக ஊடகத்தில் துப்பாக்கியோடு நின்று, பின்னால் படப் பாட்டு ஓடவிட்டு, காணொளி போடும் நம் இளைஞர்களை நான் பார்க்கிறேன். பெரும்பாலும் அவை பொம்மையாக இருக்கலாம். ஆனால் நம் சட்டத்தில் பொம்மை எல்லாமே பொம்மையாகிவிடாது. திரையில் நாயகன் துப்பாக்கியைச் சுழற்றும்போது விசில் அடிக்கிறோம். அந்தப் படத்தில் உரிமப் புத்தகம் வராது, பிரம்படியும் வராது.

ஆகவே, குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சில விஷயங்கள்:

• உரிமம் பெற்றவர் இறந்துவிட்டால் உடனே காவல் நிலையத்துக்குத் தெரிவியுங்கள். நீங்களே காரில் எடுத்துப் போகாதீர்கள். எப்படி ஒப்படைப்பது என்று போலீஸ் சொல்லும். மரணச் சான்றிதழையும் உரிமத்தையும் தயாராக வையுங்கள். ஒப்படைத்ததற்கு எழுத்தில் அத்தாட்சி வாங்கிக்கொள்ளுங்கள்.

• பழைய வீட்டைச் சுத்தம் செய்யும்போது தாத்தா காலத்துத் துப்பாக்கியோ தோட்டாவோ கிடைத்தாலும் இதே வழிதான். துருப்பிடித்துவிட்டது, சுடாது என்று நீங்களே முடிவு செய்ய வேண்டாம்.

• காற்றழுத்தத் துப்பாக்கியும் நம் ஆயுதச் சட்டத்தின் கீழ் வரும்.

• இணையத்தில் விற்கும் 'ஏர்சாஃப்ட்', 'ஜெல் பிளாஸ்டர்' போன்றவை அசல் துப்பாக்கி போலவே இருப்பதால் போலி ஆயுதமாகக் கருதப்படலாம். போலி ஆயுதம் வைத்திருந்தால் ஓராண்டுவரை சிறை, 5,000 ரிங்கிட்வரை அபராதம், அல்லது இரண்டும். பிறந்தநாள் பரிசாக வாங்குமுன் யோசியுங்கள்.

• உரிமத்தோடு வைத்திருப்பவர்கள் துப்பாக்கியையும் தோட்டாவையும் தனித்தனியாகப் பூட்டி வையுங்கள். எப்போதும் தோட்டா இருப்பதாக நினைத்தே கையாளுங்கள். சுடாத எதன் மீதும் குழலைத் திருப்பாதீர்கள். குறியையும் குறிக்குப் பின்னால் இருப்பதையும் பார்க்காமல் விரலை விசையில் வைக்காதீர்கள். புதரில் அசைந்தது பன்றி என்று நினைத்துக் கூட வந்தவரையே சுட்டுவிட்ட வேட்டைகள் நம் நாட்டில் நடந்திருக்கின்றன.

• வீட்டில் யாராவது மனம் உடைந்திருந்தால், துப்பாக்கியை அந்த வீட்டிலிருந்து அப்புறப்படுத்துவது பற்றிப் போலீசிடம் கேளுங்கள். அது அவமானமில்லை. பேச ஆள் வேண்டுமென்றால் பிஃபிரெண்டர்ஸ் அமைப்பை 24 மணி நேரமும் அழைக்கலாம்.

அண்ணனின் விண்ணப்பம்

இதெல்லாம் நடந்து எட்டு மாதம் ஆகிறது. பெரியம்மா இப்போது அண்ணன் வீட்டில் இருக்கிறார். சுங்கை சிப்புட் வீட்டுக்கு இரும்புக் கதவும் கேமராவும் போட்டாகிவிட்டது. திருடன் பயத்துக்கு அவை போதும் என்று அண்ணனே சொல்கிறார்.

ஆனால் காட்டுப்பன்றிப் பிரச்சினை தீரவில்லை. மறுநடவு செய்த இரண்டு ஏக்கரில் வேலி போட்டும் நாற்பது கன்றுகள் போய்விட்டன. உரிமம் வைத்திருக்கும் பக்கத்துக் கம்பத்துக்காரர் ஒருவரைச் சில இரவுகள் வரச் சொல்லிப் பார்த்தார். அவரும் எத்தனை நாள் வருவார்? ஆகவே, தம் பெயரில் முறைப்படி உரிமம் கேட்டு விண்ணப்பம் போடலாமா என்று யோசிக்கிறார்.

போன வாரம் போனில் பேசும்போது பாரத்தை நிரப்பிவிட்டதாகச் சொன்னார். இன்னும் கொண்டுபோய்க் கொடுக்கவில்லையாம்.

"ஏண்ணே, என்ன தயக்கம்?"

"ஒன்னுமில்லம்மா. அப்பா செஞ்ச மாதிரி நானும் செய்வேனான்னு யோசிச்சிட்டு இருக்கேன்."

அவருக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. உரிமம் கிடைக்குமா கிடைக்காதா என்பது மாநிலப் போலீஸ் தலைவரின் முடிவு. ஆனால் பாரத்தில் இல்லாத அந்தக் கேள்வியை அண்ணன் தம்மையே கேட்டுக்கொண்டிருக்கிறார். அதற்குப் பதில் கிடைக்கும்வரை பாரம் மேசையிலேயே இருக்கட்டும் என்று மட்டும் சொன்னேன்.